பின்னால் வரும் ஐந்து வண்டிகள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டுக்கு உட்பட்ட ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும். வாழ்நாள் முழுக்க டொயோட்டா கேம்ரி தவிர வேறெதையும் தொடாத ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை வாடகை நிலையத்துக்குப் போய் நாலு கையெழுத்துப் போட்டால், அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் கொண்ட 28 அடி வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றிவிடலாம். வண்டி கொடுப்பவர்கள் கழிவுத்தொட்டியை எப்படிக் காலி செய்வது, ஜெனரேட்டரை எப்படிக் கிளப்புவது, குளிர்பெட்டி எப்போது கேஸில் ஓடும் என்றெல்லாம் பொறுமையாக விளக்குவார்கள். ஓட்டுவதைப் பற்றிக் கேட்டால், "கார் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு" என்று சாவியை நீட்டிவிடுவார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பார்க்கலாம். குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் சி வகுப்பு வண்டி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பலவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோர்டு ஈ-450 சேசிஸ். ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 14,500 பவுண்டு வரை போகலாம். அது நான்கு கேம்ரியின் எடை. உயரம் 11, 12 அடி. அகலம் எட்டடியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் அதில் சேராது. இன்டர்ஸ்டேட் லேனின் அகலம் 12 அடிதான்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது நடுக்கண்ணாடி. காரில் அதைப் பார்த்தால் பின்னால் வருபவரின் முகச்சுளிப்புகூடத் தெரியும். சி வகுப்பு ஆர்.வி.யில் அதில் தெரிவது நம் வீட்டுக் கூடம். எங்கள் குடும்பப் பயணத்தில் எனக்குத் தெரிந்தது, சாப்பாட்டு மேசையில் அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு நேர் பின்னால் ஒட்டி வரும் கார் பக்கக் கண்ணாடிகளிலும் விழாது. பின்னால் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரமாக என்பதை நாமாக நினைவில் வைத்துக்கொண்டால்தான் உண்டு. இந்த வண்டியை ஓட்டுவதில் முக்கால்வாசிச் சிரமம், கண்ணில் படாத அந்த மனிதர்களை மறக்காமல் இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியா அந்த ஞாபகத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. வாகனச் சட்டம் 21656-ஆம் பிரிவின்படி, முந்துவதற்குப் பாதுகாப்பில்லாத இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ வரிசை கட்டினால், முன்னால் போகிறவர் அடுத்து வரும் டர்ன்அவுட்டில், அதாவது சாலையோர ஒதுங்கிடத்தில், விலகி வழிவிட்டே ஆகவேண்டும். வாஷிங்டனிலும் அலாஸ்காவிலும்கூட ஐந்துதான் கணக்கு. "நான் போர்டில் போட்ட வேகத்தில்தானே போகிறேன், எதற்கு ஒதுங்கணும்?" என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த நேரத்தில், அந்த இடத்தில் மற்ற வண்டிகள் இயல்பாக ஓடும் வேகத்தைவிடக் குறைவாகப் போனாலே 'மெதுவான வண்டி' என்கிறது இந்தப் பிரிவு. போர்டு இங்கே துணைக்கு வராது.

ஒதுங்குவது பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, நான் அதைச் சுயநலம் என்பேன். பிக் சர் கடற்கரையோரம் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பசிபிக். பத்து மைலாக நம் முதுகையே பார்த்துக்கொண்டு வரும் ஆறாவது காரின் ஓட்டுநருக்குப் பொறுமை தீரும் இடம் பெரும்பாலும் ஒரு வளைவாக இருக்கும். இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டி அவர் சீறி வரும்போது எதிரே இன்னொரு வண்டி முளைத்தால், அவர் எங்கே ஒதுங்குவார்? நம் விலாவில்தான். அவர் எடுத்தது முட்டாள்தனமான துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து மைலை அவருக்குக் கொடுத்தது நாம்.

ஒதுங்குவதிலும் பக்குவம் வேண்டும். டர்ன்அவுட் கால் மைலில் வருகிறது என்று பலகை முன்கூட்டியே சொல்லும். அப்போதே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. அவசரப்பட்டு முந்த மாட்டார்கள். வேகத்தைச் சாலையிலேயே குறைத்துக்கொண்டு நுழைய வேண்டும். சரளைக்கல்லில் ஆறரை ஆயிரம் கிலோவுக்கு நெருங்கிய வண்டியை அழுத்திப் பிரேக் போட்டால் வழுக்கும். கடைசி கார் போகும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று காரை விட்டுவிட்டு நடுவில் புகுந்தால் நான்காவது கார்க்காரர் நம்மை மன்னிக்க மாட்டார். போகிறவர்களில் சிலர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைப்பார்கள். அது கிடைக்கும்போது பிள்ளைகள் பதிலுக்குக் கையசைக்க ஜன்னலுக்கு முண்டியடிப்பார்கள். பெல்ட்டைக் கழற்றாதே என்று நான் கத்துவேன்.

பெல்ட் என்றதும் அத்தை நினைவு வருகிறது. வண்டி 55 மைலில் போய்க்கொண்டிருக்கும்போது, "மாப்பிள்ளை, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் எல்லாருக்கும் ஒரு வாய் காபி போட்டுடறேன்" என்று எழுந்துவிட்டார். அடுப்பு இருக்கிறது, பால் இருக்கிறது, டிகாக்ஷன் இறங்கியாகிவிட்டது. அவர் பக்கத்து நியாயம் அது. "அத்தை, உக்காருங்க, அடுத்த ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தறேன்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஓடும்போது இது வீடில்லை, வண்டி. கிளம்புமுன் குளிர்பெட்டிக் கதவின் கொக்கி, அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். குக்கரைத் தரையோடு தரையாக, கீழ் அலமாரியில் வைக்க வேண்டும். மேல்தட்டிலிருந்து குக்கர் பறந்தால் அது போய் விழும் இடம் யாருடைய தலையாகவும் இருக்கலாம். பெட்ரோல் போடும் இடத்துக்குள் நுழையுமுன் கேஸை மூடுவதும் இந்தச் சடங்கில் சேர்த்தி.

முன்னால் போகும் வண்டிக்கு விடவேண்டிய இடைவெளிக்கு வருகிறேன். கனரக வண்டிகளுக்கு இங்கே சொல்லித்தரும் கணக்கு, நீளத்தில் பத்தடிக்கு ஒரு விநாடி. 40 மைல் வேகத்தைத் தாண்டினால் கூட ஒரு விநாடி. எங்கள் 28 அடி வண்டிக்கு நான்கு விநாடி. 60 மைலில் நான்கு விநாடி என்றால் 352 அடி. முன்னால் போகும் கார் ஒரு பாலத்தையோ கம்பத்தையோ கடந்ததும் எண்ணத் தொடங்கினால் தெரிந்துவிடும். சென்னையில் வண்டி பழகியவனுக்கு இது உடம்புக்கே ஒவ்வாத காரியம். அண்ணா சாலையில் 352 அடி காலியாக விட்டால் அதில் ஒரு கல்யாண ஊர்வலம் போய்விடும். இங்கேயும் கார்கள் புகத்தான் புகும். புகுந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்க வேண்டும். ஒரு காருக்கு மூன்று விநாடி இழப்பு என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் நூறு கார் புகுந்தாலும் மாலையில் ஐந்து நிமிடம் தாமதம். அதற்காக ரத்தம் கொதிக்க வேண்டியதில்லை.

பெரிய டிரக்குகளோடு பழகுவது தனிக் கலை. 53 அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒருவர் நம்மை முந்தும்போது, முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பிறகு அவர் பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்திருந்தால் போதும். எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால்தான் வம்பு. தன் வால் நம்மைத் தாண்டிவிட்டதா என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. தாண்டியதும் நாம் முன்விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால், "இடம் இருக்கிறது, வாருங்கள்" என்று பொருள். அவர் லேனுக்குள் வந்தபின் பின்விளக்குகளை இரண்டு தரம் சிமிட்டுவார், நன்றி. இரவில் ஹை பீம் அடிக்கக் கூடாது, அவர் கண்ணாடி வழியே கண்ணில் அறையும். நம் ஊர் இருவழிச் சாலையில் எதிரே வரும் பேருந்து விளக்கடித்தால், "நான் வருகிறேன், நீ ஒதுங்கு" என்று அர்த்தம். அதே விளக்குக்கு இங்கே அழைக்கும் குரல் வந்ததைப் பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

சாலையோரம் விளக்கு மின்ன நிற்கும் போலீஸ் வண்டி, இழுவை வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகம் குறைக்க வேண்டும் என்பது 50 மாநிலங்களிலும் சட்டம். ஆர்.வி.யில் லேன் மாறவே நேரம் பிடிக்கும் என்பதால் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மலையிறக்கத்தில் மட்டும் நம் ஊர் லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததே போதும்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர்களுக்கு விளக்க வேண்டாம். கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடியைத் தாண்டி, அங்கிருந்து டென்வரின் 5,280 அடிக்கு இறங்குகிறது. இறக்கம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும் ஓர் இடத்தில், "லாரி ஓட்டிகளே, ஏமாறாதீர்கள், இன்னும் நாலு மைல் செங்குத்தும் வளைவும் இருக்கிறது" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பலகையில் இவ்வளவு உரிமையான குரலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டோ-ஹால் பட்டனை அழுத்தினால் ஆட்டோமேட்டிக் வண்டியும் இறக்கத்தில் தானாகக் கீழ் கியருக்குப் போய் எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு, ஆனால் அழுத்தமாகப் போட வேண்டும். அதன் மேலே காலை வைத்தபடியே வந்தால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் கைவிடும்.

வழிகாட்டும் செயலியும் ஏமாற்றும். யோசெமிட்டிக்கு 120-ஆம் சாலையில் போகும்போது 1,500 அடி ஏற, பழைய ப்ரீஸ்ட் கிரேடு, புதிய ப்ரீஸ்ட் கிரேடு என இரண்டு வழி உண்டு. பழையது குட்டை, செங்குத்து; புதியது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம், வளைந்து வளைந்து ஏறும். கார் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செயலி குட்டை வழியைக் காட்டும். ஆர்.வி.க்கு நீள வழிதான்.

உயரத்தை மறப்பவர்களுக்கென்றே வட கரோலினாவின் டர்ஹாமில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. 11 அடி 8 அங்குலம் என்று எச்சரிக்கை எழுதி, விளக்கு வைத்தும், வாடகை லாரிகளும் ஆர்.வி.க்களும் கூரையை அங்கே உரித்துக்கொண்டே இருந்தன. 2019-இல் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் இடித்தார்கள். கூரை மேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்த உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேல் ஒட்டிவிடுவது என் வழக்கம். யூட்டாவின் ஸயான் பூங்காவில் 1930-இல் முடிந்த சுரங்கச் சாலை, அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. வளைவான கூரை என்பதால் உயரமான வண்டி நடுவில்தான் போக முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போனபோது 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மொத்தத்தையும் நிறுத்தி வைத்து எங்களை அனுப்பினார்கள். வெளியே வந்தபோது காத்திருந்த கார்களின் வரிசையைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் வைத்தார் மாமா.

மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அனுபவம் எங்கள் வண்டிக்கும் உதவியது. ஆர்.வி.யில் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி வரை வால் நீளும். வலப்பக்கம் திருப்பினால் அந்த வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்குகளில் கம்பத்தை இடிப்பது இந்த வால்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. மற்ற குடும்பங்களில் கணவனும் மனைவியும் இந்த இடத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு மாமா இருந்தார். கண்ணாடியில் தெரியும்படி ஓட்டுநர் பக்கம் நின்று, வண்டியின் விலாவில் தட்டி, "ரைட்... ரைட்... வாங்க மாப்ள... ஹோல்டான்!" கேம்ப்கிரவுண்டே திரும்பிப் பார்க்கும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் நான் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். இரவு பத்து மணிக்கு மேல் அங்கெல்லாம் சத்தம் கூடாது என்பதால், அவர் குரலுக்காகவே நாங்கள் வெளிச்சத்தோடு போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஆர்.வி.க்காரர்கள் மத்தியில் ஒரு மூன்றின் கணக்குப் புழங்குகிறது: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் இறங்கிவிடு, ஓரிடத்தில் 3 நாள் தங்கு. வயோமிங்கில் ஐ-80 மீது காற்று எழும்போது, எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். இந்தக் கணக்கோடு கிளம்பியவர்கள் ராலின்ஸிலோ லாரமியிலோ தங்கி மறுநாள் போவார்கள், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு வார விடுப்பில் ஆறு பூங்காக்களை முடிக்கும் பட்டியலோடு வரும் நம் ஆட்களுக்குக் கடைசி மூன்று மட்டும் கசக்கிறது. நாங்களும் முதல் இரண்டைக் காப்பாற்றிவிட்டு அதில் கைவைத்தோம். யெல்லோஸ்டோனில் மட்டும் முழுதாக மூன்று நாள் தங்கினோம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று பீறிடுவதை ஒரு தடவை பார்த்தது அத்தைக்குப் போதவில்லை.