காந்தம் ஒட்டாத இடம்

இருவர் மட்டுமே அமரக்கூடிய மோட்டார் காரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பஸ்தன் என்ன செய்யப்போகிறான் என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். 1996-இல் நான் அதை வாங்கியபோது எங்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்.

நாங்கள் வாழ்வது இங்கிலாந்தில், காவென்ட்ரி நகரில். அந்தக் கார் 1971-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. அபிங்டன் என்னும் ஊரின் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உருவாயின. மடித்து வைக்கும் துணிக்கூரை, தரையோடு தரையாக இருக்கை, இரட்டைக் கார்புரேட்டர். நான் மயங்கியது இவற்றிலன்று. பானட்டைத் திறந்து விற்பவர் எஞ்சினை இயக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. திருச்சியில் என் தந்தையார் அம்பாஸடர் டாக்சி ஓட்டினார். அந்த வண்டியின் 1489 சி.சி. எஞ்சினும் இந்த 1798 சி.சி. எஞ்சினும் ஒரே ஆங்கிலக் கம்பெனி வகுத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் தம்பியின் குரல்கள் ஒத்திருப்பதுபோல அவற்றின் ஓசையும் ஒத்திருக்கும். அப்பா காலமாகி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2021-இல் என் துணைவியார் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். சக்கர நாற்காலியிலிருந்து அந்தத் தாழ்ந்த இருக்கையில் அவரை இறக்குவதும், இறக்கியபின் எழுப்புவதும் இயலாமற்போயிற்று. நாற்காலியோடு ஏற்றிச் செல்லக்கூடிய வேன் ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே காரை விற்றுவிடத் தீர்மானித்தேன். இணையவழி ஏலத்தில் போடலாம் என்று யோசனை சொன்னவன் எங்கள் மகன்.

நம் ஊர் ஏலத்தில் ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று கூவக் கேட்டிருக்கிறோம். இதில் கூச்சலே இல்லை. ஏழு நாட்கள் கணிப்பொறித் திரையில் தொகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் எவரேனும் விலையைக் கூட்டினால், மேலும் இரண்டு நிமிடம் நீளும். இறுதி நொடியில் தட்டிப்பறிக்க இடமில்லை. வண்டியை வாங்குவோர் பலர் நேரில் பாராமலே விலை கேட்கிறார்கள். அதனால் விற்பவன் நூறு புகைப்படங்களாவது எடுத்துப் போடவேண்டும். வண்டியின் அடிப்பகுதியையும் விட்டுவிடக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் முதல் முறை உயிர்பெறுவதையும் படம்பிடித்துக் காட்டவேண்டும். பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். நம் பதிலை எல்லோரும் படிப்பார்கள். பெண் பார்க்கும் படலம்கூட இத்தனை கடுமையானதன்று!

8,000 பவுண்டுக்குக் குறைந்தால் தருவதில்லை என்று எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் நாளே 7,200 ஆயிற்று. நான்காம் நாள் ஒருவர் கேட்டார்: “கதவுகளின் கீழேயுள்ள எஃகுப் பகுதியில் காந்தம் வைத்துக் காட்ட இயலுமா?”

விவரம் அறிந்தவர் கேட்கும் கேள்வி அது. இவ்வகைக் காருக்குத் தனிச் சட்டம் இல்லை; இரும்புக் கூரையும் இல்லை. கதவுகளின் அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் எஃகுப் பெட்டிகளே அதன் முதுகெலும்பு. முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். 2009-இல் ஒரு பட்டறையில் இரு பக்கமும் புது எஃகு வைத்துப் பற்றவைத்திருந்தேன். பில்லும் பத்திரமாக இருந்தது. ஆகவே வேளாங்கண்ணியில் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, நம்பிக்கையோடு வெளியே சென்றேன். வலப்பக்கம் முழுவதும் பற்றிற்று. இடப்பக்கத்தில், பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவில்லை. கையை எடுத்தேன், காந்தம் தரையில் விழுந்தது. உள்ளே எஃகு இல்லை. பட்டி வைத்து நிரப்பி, மேலே வர்ணம் அடித்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் அதன்மேல்தான் நானும் என் மனைவியும் ஓடியிருக்கிறோம்.

மகன் சொன்னான்: “புது எஃகு என்று பில்லில் எழுதியிருக்கிறது அப்பா. அதன் படத்தைப் போடுங்கள். பொய் எழுதியது பட்டறைக்காரர், நீங்கள் அல்ல. நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இந்நாட்டில் வருடாந்தரப் பரிசோதனைகூடக் கட்டாயமில்லை. அம்மாவின் வேனுக்குப் பணம் வேண்டாமா?”

அவன் கெட்டவன் அல்லன், தாய்க்காகவே பேசினான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. அன்றிரவு நான் பதில் எழுதவில்லை. பில்லை எடுத்து மேசைமேல் விரித்தும் வைத்தேன் என்பதை மறைப்பானேன்?

படுக்கப்போகும் வேளையில் துணைவியார் மெல்லக் கேட்டார்: “என்னங்க, சாயங்காலம் கீழே விழுந்ததே, அது என்ன?” சன்னல் அருகே அவருடைய நாற்காலி இருந்ததை நான் மறந்துவிட்டேன். சொன்னேன். பக்கவாதத்துக்குப்பின் அவர் பேச்சு சிக்கனமாகிவிட்டது. “வாங்குகிறவனும் பெண்டாட்டியை உட்காரவைத்துத்தானே ஓட்டுவான்?” என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் காந்தம் ஒட்டாத இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் படமெடுத்தேன். பில்லையும் போட்டு, அதில் எழுதியுள்ளது உண்மையன்று என்று கீழே எழுதினேன். முன்னரே விலை கேட்டவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று அறிவிக்கும்படி ஏலம் நடத்துவோரையும் கேட்டுக்கொண்டேன். இருவர் விலகினர். தொகை 5,800-க்கு இறங்கியது. இரண்டு நாட்கள் திரை அசையவே இல்லை. மகன் என்னிடம் பேசவும் இல்லை.

கடைசி மாலையில் இருவர் போட்டியிட, பதினோரு நிமிடம் நீண்டு 6,900-இல் நின்றது. நான் குறித்த விலைக்குக் கீழேதான். சம்மதம் என்று எழுதிவிட்டேன். நாங்கள் நினைத்த வேன் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டு பழையது ஒன்று கிடைத்தது. அதன் சாய்வுப் பலகை மழைநாளில் முரண்டு பிடிக்கிறது. மகன்தான் வந்து எண்ணெய் போடுகிறான்.

வாங்கியவர் வெல்டிங் தொழில் செய்யும் இளைஞர். பணத்தைச் செலுத்திய பின்னும் சட்டைப்பையிலிருந்து தம் காந்தத்தை எடுத்து, நான் கோடிட்டிருந்த இடத்தை விட்டு மற்ற எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். அப்பாவின் டாக்சி ஓசை எங்கள் வாசலில் ஒருமுறை எழுந்தது. தெருமுனை திரும்பும்வரை துணைவியார் சன்னலருகே காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இரண்டாம் கியரிலேயே இழுக்கிறான். மூன்றாவதைப் போடச் சொல்லுங்கள்” என்றார்.