கொக்கின் முழங்கால்

எழுத்தாளனுக்குக் கண் கூர்மை என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அதை வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில் ஜவ்வாது மலையில், ஒரு சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்த நம்பிக்கை போயிற்று.

போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார். பக்கத்தில் அவருடைய பேரன். பத்து வயசு இருக்கும். எதிரே வயலில் ஒரு கொக்கு நின்றது.

"பார்த்தாயா தம்பி, நமக்கு முழங்கால் முன்னுக்குத் துருத்துகிறது. கொக்குக்குப் பின்னுக்கு!" என்றேன்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. என் நாவல் ஒன்றில், எதிலும் துணிந்து இறங்காத ஓர் ஆசாமிக்கு, 'கொக்கு முழங்கால்காரன்' என்றே பெயர் வைத்திருந்தேன். வாசகர்கள் ரசித்து எழுதினார்கள்.

"அது முழங்கால் இல்லீங்க ஐயா, கணுக்காலு" என்றான் பையன்.

"சும்மா இருடா! படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அதட்டினார் தாத்தா. பையன் தலை குனிந்தது. நான் பேசாமல் சாப்பிட்டேன். அந்த மௌனம் நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பையனும் பேசவில்லை. தின்ற எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். தொடை எலும்பு, அதன் கீழே சதைக்கால் எலும்பு. இரண்டும் சேருகிற இடம்தான் முழங்கால். நம்முடையதைப் போலவே முன்னுக்குத்தான் மடிகிறது. உயிருள்ள பறவையில் அது சிறகுக்குள் மறைந்திருக்கும். அதற்கும் கீழே, செதிலோடு நீண்டிருப்பது பாதம். பாத எலும்புகள் ஒன்றாகி நிமிர்ந்து நிற்க, பறவை விரல்களை ஊன்றி நடக்கிறது. நான் முழங்கால் என்றது குதிகால் மூட்டு!

பிறகு ஒரு காலெலும்பையும் இறக்கையின் மேலெலும்பையும் என்னிடம் நீட்டினான். "இதை உறிஞ்சினா சாறு வரும். இதிலே காத்துதான்."

வாஸ்தவம். நடக்கிற எலும்பில் மஜ்ஜை. பறக்கிற எலும்பில் நுரையீரலிலிருந்து வரும் காற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், ஒரு கோழியின் மூச்சுக்குழலைக் கட்டிவிட்டு, வெட்டிய இறக்கை எலும்பு வழியாகவே அது மூச்சு விடுவதைக் கண்டார். கொடூரமான பரீட்சை. பையனுக்கு அது தேவைப்படவில்லை, குழம்பே போதுமாயிருந்தது.

"பெரியவரே, அவன் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றேன். தாத்தா நம்பாமல் என்னைப் பார்த்தார். பையன் மறுபடி சோற்றில் கை வைத்தான்.

இதே மலையில் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கோ முப்பதடியில் நின்ற கொக்கின் கால் தெரியவில்லை.

அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். ஆனால் அந்த ஆசாமி முழுக்கக் கற்பனை அல்ல. என் சித்தப்பாவைப் பார்த்து எழுதினேன். அவர் பின்வாங்குகிறார் என்று ஊரார் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவருடைய முழங்கால் எங்கே இருந்தது என்று நான் பார்த்தேனா?

அவர் இப்போது இல்லை.