பழைய கார் வாங்குதலும் பத்திரம் வாசித்தலும்



மொன்றியலுக்குப் புலம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பெருந்தொகை கொடுத்து முதன்முதலில் வாங்கும் பொருள் ஒரு பழைய காரேயாகும். இரவு வேலை முடிந்து உறைபனியில் பேருந்துக்குக் காத்து நின்றோர் அதன் தேவையை நன்கறிவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு மாலைப்பொழுதில் முன்பின் அறியாத ஒருவர் கைக்கு மாறிவிடுகின்றது. ஆதலால் அதுபற்றி இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம்.

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, எமது ஊரில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சிறுவயதிற் கண்டுள்ளோம். அவை கைமாறுகையில், விற்பவரின் குணமும் காரின் குறையும் ஊரார் அறிந்தவையே. உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுப்பதும், பெயர் மாற்றாமலே வாகனம் பல கைகள் மாறுவதும் அங்கு வழக்கம். அதனை 'ஓப்பின் பேப்பர்' என்பர். அறிமுகம் என்ற ஒன்று இருந்தமையால் அது ஒருவாறு நடந்தது. அறிமுகமற்ற இந்நாட்டில் அவ்வழக்கம் ஆபத்தானது.

வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது, முன்கண்ணாடியின் கீழ் சாரதிப் பக்கத்தில் தெரியும் 17 குறிகள் கொண்ட அடையாள இலக்கம். அது பதிவுச் சான்றிதழில் உள்ளதோடு முற்றும் பொருந்த வேண்டும். மொன்றியல் துறைமுகத்தில் 598 திருட்டு வாகனங்கள் மீட்கப்பட்டதாக 2024 ஏப்ரலில் பொலிசார் அறிவித்தனர். திருட்டு வாகனங்கள் போலி இலக்கத்துடன் உள்ளூரிலும் விற்கப்படுவதுண்டு. அறியாது வாங்கியவர் காரையும் இழப்பார், காசையும் இழப்பார்.

அடுத்தது கடன். முன்னைய உரிமையாளர் காரின் பேரில் பெற்ற கடனைத் தீர்க்காதிருப்பின், கடன் கொடுத்தவர் புதியவரிடமிருந்தும் காரைக் கைப்பற்ற இடமுண்டு. ஆர்.டி.பி.ஆர்.எம். எனப்படும் கியூபெக் அரசின் பதிவேட்டில், சிறு கட்டணம் செலுத்தி, அடையாள இலக்கத்தைக் கொண்டு இதனை அறியலாம். குளிர்காலத்தில் வீதியில் இடும் உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால், நாமே தெரிந்தெடுத்த மெக்கானிக் ஒருவர் காரை உயர்த்திப் பார்ப்பதும் இன்றியமையாதது.

சில காலத்தின் முன் எமது மாணவி ஒருத்தியின் தந்தை கார் வாங்கச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். விற்பவர் நீட்டிய தாளில் தந்தை கையொப்பமிட முற்படுகையில், மகள் அதனை வாங்கி வாசித்தாள். "அப்பா, 'சான் கராந்தி லெகால்' என்று எழுதியிருக்கு. பிறகு பழுது கண்டாலும் இவரிட்டைக் கேட்க ஏலாதாம்" என்றாள். 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் குடியியற் சட்டக்கோவைப்படி, மறைந்திருக்கும் குறைகளுக்குத் தனியார் விற்பனையாளரும் பொறுப்பாளியே. வாங்குபவர் தமது சொந்தப் பொறுப்பில் வாங்குவதாக எழுதி ஒப்பமிட்டால் அப்பாதுகாப்பு நீங்கிவிடும். தந்தை பேனாவை வைத்துவிட்டு, மெக்கானிக் பார்த்த பின்னர் ஒப்பமிடுவதாகக் கூறினார். விற்பவர் இணங்கவில்லை. பணம் பையிலிருக்க வீடு திரும்பினோம்.

விற்போருக்கும் இடருண்டு. ஓட்டிப் பார்க்க வருபவரின் சாரதி அனுமதிப் பத்திரத்தைப் பார்த்த பின்னரே திறப்பைக் கொடுத்து, தாமும் உடன் செல்லல் வேண்டும். சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அமைதல் நன்று. வங்கி வரைவோலையாயின் அதனை வழங்கிய வங்கியிலேயே உறுதிசெய்க. பின்னர் இருவரும் எஸ்.ஏ.ஏ.கியூ. வழியாகப் பெயரை மாற்றுதல் வேண்டும். விற்றவர் தமது இலக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளவும் மறத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! வாரநாளிற் கற்கும் பிரெஞ்சு மொழியால் நீங்கள் பத்திரத்தை வாசிக்கின்றீர்கள். வாரவிறுதியிற் கற்கும் தமிழால் அதன் பொருளைப் பெற்றோருக்கு உரைக்கின்றீர்கள். இவ்விரண்டில் ஒன்று குறையினும் குடும்பத்தின் உழைப்பு வீணாகக் கூடும். பெற்றோரே! கையொப்பமிடுமுன் பிள்ளையை அழைத்து, தாளை முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். விளங்காத வரி ஒன்று எஞ்சினும் மறுநாள் வருவதாகக் கூறி எழுந்து வாருங்கள்.