நம்பர் பிளேட் யாருக்காக?

ஒரு காரில் இருக்கிற எல்லாமே அதை வாங்கியவருக்காகத்தான். சீட் அவர் உட்காருவதற்கு, ஏ.சி. அவருக்குக் குளிர்வதற்கு, ஸ்பீக்கர் அவர் பாட்டுக் கேட்பதற்கு, ஏர்பேக் அவர் உயிர் பிழைப்பதற்கு. ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்கு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாட்டியிருக்கும் நம்பர் பிளேட். ஓட்டுபவர் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டால் அது அவர் கண்ணுக்கே தெரியாது. அதைப் படிப்பவர்கள் எல்லாம் வெளி ஆட்கள்: எதிரே வருபவர், பின்னால் வருபவர், டிராஃபிக் போலீஸ், டோல்கேட் கேமரா... சில நேரம் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவர்.

காசு கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்றால் எந்தப் பொருளுக்கும் என்ன கதி வருமோ, அதே கதிதான் நம்பர் பிளேட்டுக்கும் வந்தது. காசு கொடுத்தவர் அதை அலங்காரச் சாமானாக மாற்றிக்கொண்டார்!

பாரிஸ் போலீஸ் போட்ட உத்தரவு

நம்பர் பிளேட்டின் கதை பிரான்சில் ஆரம்பிக்கிறது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் நகரப் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் ஓர் உலோகத் தகடு இருக்க வேண்டும், அதில் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றும் படிக்கும்படி இருக்க வேண்டும், அந்தத் தகட்டை ஒருபோதும் மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் உத்தரவு. இங்கிலாந்தில் 1903-இல் சட்டம் வந்து, 1904 ஜனவரி 1 முதல் எல்லா வண்டிக்கும் நம்பர் கட்டாயமானது.

குதிரை வண்டிக்காரனை ஓடிப் பிடித்துவிடலாம். மோட்டார் வண்டிக்காரனைப் பிடிக்க முடியாது. ஆளைப் பிடிக்க முடியாவிட்டாலும் நம்பரையாவது பிடித்து வைக்கலாம் என்பதுதான் இதில் உள்ள யோசனை. பி.காம். முதல் வருஷத்தில் லெட்ஜர் போடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஃபோலியோ நம்பர் எழுதச் சொல்வார்கள். அது இல்லாவிட்டால் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடவே முடியாது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு நம்பர் பிளேட்தான் ஃபோலியோ நம்பர். லெட்ஜர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பக்க எண் தெரியாதவனுக்கு அந்த லெட்ஜர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பிரஷ், ரேடியம், அக்ரிலிக்

தமிழ்நாட்டில் ரொம்ப காலம் நம்பர் பிளேட் என்பது பெயின்டரின் வேலை. தகட்டுக்கு வெள்ளை அடித்து, காயவைத்து, பென்சிலால் கோடு போட்டு, பிரஷ்ஷால் கறுப்பில் எழுதுவார். நல்ல கைக்காரர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் வந்தது. பிறகு அக்ரிலிக். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில், எழுத்து எந்த ஸ்டைலில் வேண்டும் என்று ஆல்பத்தைக் காட்டிக் கேட்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

பெயின்டர் எழுதிய வரைக்கும் பெரிய குழப்பம் இல்லை. ஸ்டைல் வந்த பிறகுதான் வினை. கடைசி இரண்டு எண்ணை மட்டும் பெரிதாக எழுதுவது, மாவட்ட எண்ணைக் கடுகளவுக்குச் சுருக்குவது, 8055-ஐ ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கிற மாதிரி வளைப்பது, மீதி இடத்தில் சாமி படம், கட்சிக் கொடி, தலைவர் முகம், ‘அப்பாவின் அன்புப் பரிசு’... இவ்வளவுக்கும் நடுவில் நம்பர் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

சிலர் தமிழ் எண்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த எண்களைப் பார்த்ததும் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேர்? விபத்து நடந்த இடத்தில் நிற்பவர் அதை எப்படி போலீசிடம் சொல்வார்? 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஆங்கில எழுத்து, வழக்கமான 1, 2, 3 எண்கள். காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10 மில்லிமீட்டர். இதில் ஸ்டைலுக்கு இடமே கிடையாது.

‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வழக்கறிஞர்’ என்று ஒட்டிக்கொள்வது இன்னொரு ரகம். சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடுவதாக அறிவித்தது. நம்பரைப் பார்க்காதே, நான் யார் என்று பார் என்பதுதானே அந்த ஸ்டிக்கரின் அர்த்தம்? நம்பர் பிளேட் சொல்வது இதற்கு நேர் எதிர். நீ யாராக இருந்தால் என்ன, உனக்கும் ஒரு நம்பர்தான்.

இதில் என்ன பெரிய நஷ்டம்?

ஸ்டைலாக எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு.

முப்பது வயதுத் தச்சர் ஒருவர். சொந்த வேலை, மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. அவர் இறந்துவிடுகிறார். எதிரே டீக்கடை. கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“நம்பர் பாத்தியாப்பா?” என்கிறார் போலீஸ்காரர்.

“பாத்தேன் சார். படிக்கத்தான் முடியல.”

இந்த ஒரு வரியின் விலை என்ன?

நம்பர் கிடைத்திருந்தால் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்ட வேண்டும். தொகையைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வழி சொல்லியிருக்கிறது. அதன்படி:

மாத வருமானம் 15,000. நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000. வருடத்துக்கு 1,68,000. முப்பது வயதுக்கான பெருக்கல் எண் 17. மொத்தம் 28,56,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்ற சில்லறைத் தலைப்புகள் தனி.

நம்பர் கிடைக்காவிட்டால்? அடித்துவிட்டு ஓடிய வண்டி என்று கேஸ் எழுதுவார்கள். அதற்கென்று அரசு வைத்திருக்கும் திட்டத்தில் சாவுக்கு 2,00,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். இதுவும் 2022 ஏப்ரல் 1 முதல்தான். அதற்கு முன்னால் சாவுக்கே வெறும் 25,000 ரூபாய்.

28,56,000-இல் இருந்து 2,00,000 போனால் 26,56,000. அந்தக் குடும்பத்துக்கு அந்த நம்பர் பிளேட்டின் மதிப்பு அதுதான். படிக்க முடியாத பிளேட்டை மாட்டியவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவில் வரும் அபராதமோ முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய். ஐநூறு எங்கே, இருபத்தாறு லட்சம் எங்கே!

இது எங்கோ எப்போதோ நடக்கிற விஷயமும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் வருட அறிக்கைப்படி, அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அதில் இறந்தவர்கள் 30,486 பேர். அந்த வருடம் ரோட்டில் இறந்த 1,68,491 பேரில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இதில் எல்லாமே நம்பர் பிளேட்டால் வந்த குறை என்று சொல்ல முடியாது. இருட்டு, பயம், சாட்சி இல்லாமை எல்லாம் உண்டு. ஆனால் சாட்சி இருந்தும் எழுத்து கைவிட்டால் அதைவிடக் கொடுமை என்ன?

புதுத் தகடு

உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்தது இதற்காகத்தான். 2001-லேயே விதி 50-ஐத் திருத்தி இதைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் டெண்டர் யாருக்கு என்ற சண்டையிலும் கோர்ட் வழக்கிலும் வருடங்கள் ஓடின. மாநிலங்கள் இழுத்தடித்ததால் மணிந்தர்ஜித் சிங் பிட்டா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கடைசியில் 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்குக் கம்பெனியே பிளேட்டைக் கொடுக்க வேண்டும், டீலரே மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆனது.

பிளேட் 1 மில்லிமீட்டர் அலுமினியம். காருக்கு 500-க்கு 120 மில்லிமீட்டர், அல்லது 340-க்கு 200. இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் உள்ள 20 மில்லிமீட்டர் சதுர ஹாலோகிராம். கீழே லேசரில் பொறித்த தனி எண். எண்களும் எழுத்துகளும் தகட்டிலேயே புடைத்து நிற்கும். லேசர் எண் வண்டியின் நம்பரோடு சேர்த்து அரசின் ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறும். முன் கண்ணாடியின் உள்பக்கம் மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கர். பெட்ரோல் வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

மாட்டுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. பழைய பிளேட்டில் இரண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் எவரும் இரண்டு நிமிஷத்தில் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிடலாம். புதுசில் பின் பக்கம் குறைந்தது இரண்டு ஸ்நாப் லாக். ஒருமுறை உள்ளே போனால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், மறுபடி பயன்படாது. பம்பர் இடித்துப் பிளேட் நசுங்கிப் போனால் மெக்கானிக் தட்டி நிமிர்த்தி ஒட்டக் கூடாது. டீலரிடம் ஆர்.சி.யைக் காட்டிப் புதுசுக்குச் சொல்லி, பழையதைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். தொலைந்து போனால் முதலில் போலீசில் புகார்.

புகார் எதற்கு, இரண்டு நாள் அலைச்சல்தானே என்று விடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தொலைந்த பிளேட் குப்பையில் கிடந்தால் பரவாயில்லை. வேறு ஒரு வண்டியில் ஏறியிருந்தால் அந்த வண்டி செய்கிற எல்லாவற்றுக்கும் சலான் வருவது இவர் வீட்டுக்கு. திருச்சியில் நிற்கும் காருக்குப் போகாத ஊரில் சிக்னல் தாண்டியதாக அபராதம் வந்தால், ‘நான் அங்கே இல்லை’ என்று நிரூபிக்கும் வேலை இவர் தலையில் விழும். அப்போது கையில் அந்தப் புகார் ரசீது இருப்பது பெரிய துணை.

இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்காமல் விடுவார்களா? அலுமினியத் தகட்டில் நீலப் பட்டை, ‘ஐஎன்டி’ எழுத்து, பார்க்க அதே மாதிரி ஹாலோகிராம் ஸ்டிக்கர் என்று தெருக்கடையிலேயே செய்து தருகிறார்கள். லேசர் எண் இருக்காது, இருந்தாலும் ‘வாகன்’ பதிவில் இருக்காது. இன்னும் சிலர் நல்ல பிளேட்டை வாங்கி அதன் மேல் கறுப்பு அக்ரிலிக் மூடி போடுகிறார்கள். 1893-இல் பாரிஸ்காரன் மறைக்கக் கூடாது என்று சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மாற்றத்தில் நஷ்டப்பட்டவர்கள் பிரஷ் பிடித்த பெயின்டர்களும் ரேடியம் கடைக்காரர்களும். பலர் செய்துவந்த வேலை சில கம்பெனிகளின் கைக்குப் போனது. விதியில் சொன்ன அளவில் ஒழுங்காக எழுதியவர்களும் அதில் உண்டு. அவர்கள் தொழிலைக் கெடுத்ததில் அரசுக்கு எவ்வளவு பங்கோ, ‘கொஞ்சம் ஸ்டைலா போடுங்கண்ணே’ என்று கேட்ட வாடிக்கையாளருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

விதியில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. பின் பக்க பிளேட்டுக்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும், ராத்திரியில் 15 மீட்டர் தூரத்தில் இருந்து நம்பரைப் படிக்க முடிய வேண்டும். அந்த பல்பு ஃபியூஸ் ஆனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கேட்டால் எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிஷத்தில் மாற்றித் தருவார். ஆனால் யாரும் கேட்பதில்லை.

வீட்டில் கார் இருப்பவர்கள் இன்று ராத்திரி லைட்டைப் போட்டுவிட்டு, பின்னால் இருபது தப்படி நடந்து போய்த் திரும்பிப் பார்க்கலாம். நம்பர் படிக்க முடிகிறதா? படிக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் காலையில் முதல் வேலையாகப் பல்பை மாற்றிவிடுங்கள்.