நாய்க்குட்டி வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்



ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் வாடகை வீட்டில்கூட நாய், பூனை வளர்க்கிறீர்கள். படங்களைப் பார்க்கச் சந்தோஷம்.

போன மாதம் ஒரு மாணவி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து அழுதாள். "டீச்சர், குட்டி ரத்தமாப் போகுது, யார்கிட்ட காட்டுறது?" வாங்கி இருபது நாள்தான். தடுப்பூசி போடவில்லை. காலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்வோ என்றார்கள். நான்கு நாள் டிரிப்ஸ். சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம். கடன் வாங்கினார்கள், குட்டி பிழைத்தது. "இன்னும் ரெண்டு நாள் இழுத்திருந்தா பணத்துக்காக நிறுத்தியிருப்போம் டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1. டாக்டரை முதலில் தேடுங்கள், குட்டியைப் பிறகு.
ராயக்கோட்டைப் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தை இன்றும் 'மாட்டாஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறோம். அங்கே நாய், பூனையையும் காட்டலாம். ஆனால் டாக்டர் முகாம்களுக்கும் போக வேண்டியவர். எந்த நேரத்தில் இருப்பார் என்று நல்ல நாளிலேயே கேட்டு வையுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் வரும் வண்டி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ராத்திரியில் போன் எடுக்கும் தனியார் டாக்டர் ஒருவரின் எண்ணும் வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் பெங்களூர் ஹெப்பாளிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வழியை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி போடத் தெரிந்தவர் எல்லாம் டாக்டர் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரே வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

2. தடுப்பூசியில் சிக்கனம் வேண்டாம்.
6 முதல் 8 வாரத்தில் பார்வோவுக்கான முதல் ஊசி. பிறகு 3, 4 வார இடைவெளியில் மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய்க்கு. அதன்பின் டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக்கூடக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

3. தனி உண்டியல்.
தீனிச் செலவு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வைத்தியச் செலவு சொல்லிக்கொண்டு வராது. மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் வருடத்தில் 6000. ஊசி, பூச்சி மருந்துக்கு எடுத்தது போக மிச்சத்தைத் தொடாதீர்கள். கருத்தடை ஆபரேஷனுக்கு என்ன ஆகும் என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள். இந்த 500 முடியாது என்றால் குட்டியைத் தள்ளிப்போடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

4. நம் மாத்திரை அதற்கு ஆகாது.
காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

மாடு வாங்கினால் தீவனம், வைத்தியம் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் தும்பு பிடித்தார்கள். பால் கொடுக்காத ஜீவனுக்கும் அதே கணக்குதான். வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது, கடனும் கேட்காது. அதற்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

வீட்டுப் பாடம்: இன்றைக்கே இரண்டு டாக்டர்களின் எண்களைப் போனில் ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்