லேபர் லா படிச்சா சோறு கிடைக்குமா?

தில்லிப் பக்கம் குடியேறின நம்மூர்க் குடும்பங்களில், பிள்ளை சட்டம் படிக்கப் போறேன் என்றாலே அப்பா அம்மா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். சி.ஏ., இன்ஜினியரிங், மிஞ்சினால் பேங்க் பரீட்சை என்று பழகின வீடுகள். ஒருவழியாகச் சம்மதித்தாலும், "கார்ப்பரேட் லா எடு, நல்ல கம்பெனியில சேரு" என்பதோடு அறிவுரை முடிந்துவிடும்.

என் மைத்துனர் மகள் இப்போது சட்டம் நாலாம் வருஷம். "மாமா, நான் லேபர் லா பக்கம் போகலாம்னு இருக்கேன். அப்பா வேண்டாங்கறார். நீங்க எச்.ஆர்.ல இருக்கீங்களே, அதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதே யோசனையில் இருக்கலாம்.

முதலில் சோற்றுக் கணக்கு. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து நாலு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து எங்கள் குருகிராம் பக்கத்து ஆபீஸ்களில் எச்.ஆர். ஆட்களுக்குத் தூக்கம் குறைவு. ஒரு உதாரணம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் பேசிக் 20,000, மீதி 40,000 பல பெயர்களில் அலவன்ஸ். இப்படிப் பிரிப்பதுதான் வழக்கமாக இருந்தது. புதுச் சட்டப்படி, கழிக்கிற அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, கிராஜுவிட்டி கணக்குக்கு 20,000 இல்லை, 30,000. ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனியில் இது எவ்வளவு பெரிய தொகை என்று யோசியுங்கள். ஒப்பந்தம் எழுத, பழைய நியமனக் கடிதங்களைத் திருத்த, கான்ட்ராக்டர் பேப்பர்களைச் சரிபார்க்க என்று எல்லாவற்றுக்கும் விஷயம் தெரிந்த வக்கீல் வேண்டும்.

இது தவிர, 2013ல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும். பல பெண் வக்கீல்கள் இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். பி.எஃப். வழக்குகள் தனி உலகம். அரசு வேலைதான் வேண்டும் என்றால் பி.எஃப். அலுவலகத்தின் அதிகாரிப் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஆக, சோறு கிடைக்கும். சாம்பாரும் கிடைக்கும் :)

ஆனால் இதில் பெரும்பாலான வேலை ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. சம்பளம் கொடுக்கிறவன் பக்கம். அந்தப் பக்கம்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்லலாம். எதிர்ப்பக்கம் ஆள் பஞ்சம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் நினைத்தவுடன் நின்று வாதாட முடியாது. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்தே, எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். புதுச் சட்டத்திலும் அப்படித்தான். காசுள்ளவன் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து ஏழையை அமுக்கிவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் தொழிற்சங்க நிர்வாகியாக இருக்கிற வக்கீல் அந்தத் தகுதியில் வரலாம், முதலாளிகள் சங்கத்துக்கும் அதே வழி உண்டு என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் நல்ல லேபர் வக்கீல்கள் பலரைச் சங்க அலுவலகங்களில் பார்க்கலாம்.

எங்கள் அப்பா மதுரையில் மில் தொழிலாளி. மில்லை மூடினபோது 23 வருஷ சர்வீஸ், கடைசி மாதச் சம்பளம் 2,600 ரூபாய். சங்க வக்கீல் ஒருத்தர் டி.வி.எஸ். 50ல் வருவார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "2,600ஐ 26ஆல வகுங்க, 15ஆல பெருக்குங்க, அது ஒரு வருஷத்துக்கு. அப்புறம் 23ஆல பெருக்குங்க" என்று அப்பாவையே கணக்குப் போட வைத்தார். 34,500 ரூபாய். எவ்வளவு வரவேண்டும் என்பது அப்பாவுக்கே தெரிந்திருந்ததால்தான் குறைத்துக் கொடுக்க வந்தபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. முழுத் தொகையும் வந்தது, தாமதமாக. என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான்.

2018ல் திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் குடியிருந்த பீகார்ப் பையன் ஒரு பேப்பரோடு வந்தான். நான் ஹிந்தி பேசுவேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். "பையா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றான். எனக்குச் சேரவேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது, இனி கேட்க ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கொடுத்ததோ அந்த மாதச் சம்பளம் மட்டும். ஐந்து வருஷம் தாண்டினவனுக்கு கிராஜுவிட்டி உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அதிகாரி நல்ல மனிதர், ஆனால் தமிழ் மட்டும். இவனுக்கு ஹிந்தி மட்டும். அரை நாள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன். பிறகு நான் ரயிலேறிவிட்டேன். பாதிப் பணம் வந்ததாம். மீதிக்குத் தொடர்ந்து நடக்க அவனுக்கு வக்கீல் அமையவில்லை, ஊருக்கே போய்விட்டான்.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். "உங்கப்பா நீ தமிழ் ஸ்கூல்ல படிச்சதை ஒரு பெருமையா மட்டும்தான் வச்சிருக்கார். வெளியில ஹிந்தி, வீட்டில தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்ல இந்த மூணும் தெரிஞ்ச லேபர் வக்கீலைத் தேடிப் பாரு. கிடைக்கிறது கஷ்டம். நாம பிழைப்புக்காக வடக்கே வந்தோம், அவங்க தெற்கே வர்றாங்க. நடுவில நிக்கத் தெரிஞ்ச ஆள் நீ."

மைத்துனருக்கும் பதில் உண்டு. ஆரம்ப வருஷங்களில் ஜூனியருக்கு வருமானம் சொற்பம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் சீனியரிடம் சேர்ந்தால் சாட்சி விசாரிப்பதும் உத்தரவு படிப்பதும் சீக்கிரம் கைவரும். அந்த அனுபவத்தோடு பிறகு கம்பெனிப் பக்கம் போனாலும் மதிப்பு அதிகம். முதலிலேயே கம்பெனிக்குப் போய்விட்டு, பத்து வருஷம் கழித்துச் சங்க அலுவலகப் படி ஏறுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஈ.எம்.ஐ. விடாது.

நடைமுறை விஷயங்கள்: டிகிரி முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பொதுப் பிரிவுக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. தில்லியில் பதிவு செய்தவர் திருப்பூரிலும் தொழில் செய்யலாம், தடையில்லை.

மைத்துனர் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "கோடை விடுமுறைக்கு ஒரு மாசம் திருப்பூர்ல இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறதாம்.