மூன்றாவது கோடு

கணக்கு என்றதும் அரியர் ஞாபகம் வந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கொஞ்ச நேரம்தான்.

எந்த முக்கோணத்தை வேண்டுமானாலும் வரையுங்கள். அதன் மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். குத்துயரங்களும் அப்படியே, கோண இருசமவெட்டிகளும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, 'இதிலென்ன அதிசயம்?' என்றுதான் தோன்றியது. இணையாக இல்லாத இரண்டு கோடுகள் எங்கேயாவது வெட்டிக்கொண்டுதான் ஆகணும். மூன்றாவது கோடும் வந்து அதே புள்ளியைத் தொடுகிறதே, அதுதான் சங்கதி!

நார்த்தாமலைப் பக்கம் சர்வே கேம்ப் போனபோது இது கையிலேயே தட்டுப்பட்டது. பிளேன் டேபிள் தாளில் ஏற்கெனவே குறித்த மூன்று அடையாளங்கள்: ஒரு மலை உச்சி, ஒரு கோயில் கலசம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அலிடேடை வைத்து மூன்றையும் பார்த்துப் பின்னோக்கிக் கோடு இழுத்தால், நாம் நிற்கிற இடம் தாளில் வர வேண்டும். வந்ததோ ஒரு குட்டி முக்கோணம்! பலகையின் திசை துளி பிசகினாலும் இப்படித்தான். திருப்பித் திருப்பி அது சுருங்கிப் புள்ளியாவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டே கோட்டோடு நிறுத்தியிருந்தால் பிசகே தெரிந்திருக்காது. காலையிலேயே டீக்குப் போயிருக்கலாம்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த மூன்று அடையாளங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் மேலேயே நாம் நின்றுவிட்டால், பலகை தப்பாகத் திரும்பியிருந்தாலும் மூன்று கோடும் சமர்த்தாக ஒரே புள்ளியில் வெட்டிவிடும். ஒரே டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு வரும் மூன்று சாட்சிகள் மாதிரி!

1802-ல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையிலும் இதே கவலைதான். இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது தானே வரும். ஆனாலும் மூன்றையும் அளந்தார்கள். மலையில்லாத சமவெளியில் கோபுரங்கள்தான் கைகொடுத்தன. அப்படித் தஞ்சாவூர் பெரிய கோயிலில் ஏற்றும்போதுதான் 1808-ல் அவருடைய பெரிய தியோடலைட் மோதிச் சேதமானது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கீரனூர் பக்கம் எங்கள் புஞ்சைக்கும் பெரியப்பா புஞ்சைக்கும் நடுவே மூலைக்கல் ஒன்று காணாமல் போய், ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேம்ப் முடிந்த லீவில், புலப்படத்திலுள்ள தூரங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டு டேப்போடு இறங்கினேன். இரண்டு கல்லிலிருந்து இழுத்த டேப்புகளும் பெரியப்பா உழுதிருந்த இடத்துக்குள் சந்தித்தன. அப்பா முகத்தில் ஒரே வெளிச்சம்.

"மூணாவது கல்லுலேருந்தும் பிடிச்சுப் பாத்துடலாம்ப்பா" என்றேன்.

அது மூன்றடி முன்னாலேயே, எங்கள் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆக, மூன்றில் ஏதோ ஒரு கல் பழைய இடத்தில் இல்லை. யார் நகர்த்தியது என்று அப்பாவும் கேட்கவில்லை. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவும் கேட்கவில்லை.

முறைப்படி அளந்து கல் நடச் சொல்லி மறுவாரம் தாலுகா ஆபீசுக்கு மனு போனது. அதில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது.